நீலக்கல்லின் அடியில்

“கண்ணாடிதான்” என்றேன், அந்தப் பெண் மோதிரத்தைக் கையில் எடுக்கும் முன்பே.

நாகர்கோவிலில் கல் சோதிக்கும் கடை. சட்டையில் பெமிலா என்று பெயர் குத்தியிருந்தாள். லென்ஸைக் கண்ணோடு சேர்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைப் பைக்குள் கிடந்த மோதிரம். யார் போட்டது என்று தெரியவில்லை. சபைச் செயலாளர் நேசையன் அதை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

எட்டு வருஷத்துக்கு முன் என் நீலக்கல் மோதிரம் காணாமல் போனது ஊருக்கே தெரியும். அப்பன் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. மருமகள் ரெஜிலாதான் எடுத்தாள் என்று நான் முற்றத்தில் நின்று கத்தியதும் தெரியும்.

அன்றைக்கே அவளும் மகனும் மார்த்தாண்டத்துக்கு வாடகைக்குப் போனார்கள். பேத்தியை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

இது என் மோதிரம் இல்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன். நேசையன் கேட்காமல் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

“ரெஜிலாவுக்கு மனசு குத்தியிருக்கு அண்ணே, அவதான் பையில போட்டிருக்கா. வாற ஞாயிறு சபையில வச்சுச் சொல்லிருவோம்.”

லென்ஸை வைத்துவிட்டு பெமிலா ஒரு படிவத்தில் எழுதினாள். நீலம் என்று எழுதினால் போதாதா? நிறம் ஒரு கட்டத்தில், அது எவ்வளவு இருட்டு என்பது இன்னொன்றில், எவ்வளவு அடர்த்தி என்பது வேறொன்றில். நிறைய எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

“அசல் பாட்டா” என்றாள்.

“உள்ள அழுக்கு கெடக்கே பிள்ளே, கண்ணு தெரியாதா?”

“அழுக்கு இல்ல. வெள்ளை நூல் மாதிரி இருக்குல்லா, அதுக்குப் பேரு பட்டு. மண்ணுல வெளஞ்ச கல்லுலதான் இப்பிடி இருக்கும். நல்லா சூடு காட்டினா கரைஞ்சு போவும். இது தீயே பாக்காத கல்லு.”

நேசையன் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னான்.

அவள் மோதிரத்தைத் திருப்பினாள்.

“இது மட்டும் கல்லுக்கு உள்ள இருக்கது இல்ல. வெளிய ஒட்டினது.”

கல்லைப் பிடித்திருந்த கொக்கியின் அடியிலிருந்து ஊசியால் எதையோ இழுத்தாள். மஞ்சள் நிறத்தில் ஒரு நூல் நீண்டது. விட்டாள். சுருங்கிக்கொண்டது.

மரத்தில் கட்டிய சிரட்டையில் மிஞ்சிக் காய்கிற ரப்பர் பால். அது எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறேன்.

நேசையன் அந்த நூலைப் பார்த்தான். பிறகு என் விரல்களைப் பார்த்தான்.

“ரெஜிலா டீச்சர்லா அண்ணே. அவ என்னைக்கு ரப்பர் வெட்டப் போனா?”

பெமிலா மோதிரத்தை என் முன்னால் வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை சபையில என்ன சொல்ல?” என்றான்.

“மூணு தடவை மண்ணெண்ணெயில கழுவிட்டுத்தான்டே காணிக்கைப் பையில போட்டேன்” என்றேன்.