பத்தாவது ஆள்

"எதிர்வீட்டுப் பெய்ஜ் மூணு சங்கத்துக்குத் தலைவி. நீ என்னடா?"

"உறுப்பினர்."

"எதுல?"

"எல்லாத்துலயும்தாம்மா."

அடுப்பில் சோளக்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. டோரீன் அதைவிட அதிகமாகக் கொதித்தாள்.

மகன் ஓட்டிஸ் சிறு வயதிலிருந்தே புயலையும் மேகத்தையும் அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன். வானிலை படிக்க அவன் ஆசைப்பட்ட கல்லூரி ஒன்றே ஒன்றுதான். அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மதிப்பெண் எல்லோரும்தான் வாங்குகிறார்கள், தலைமை தாங்கத் தெரிந்த பிள்ளையா என்றுதான் முதலில் பார்ப்பார்களாம். பெய்ஜின் அம்மா வேலியோரம் நின்று சொன்ன ரகசியம் இது.

அந்த ரகசியம் ஊருக்கே தெரியும் போலிருக்கிறது. மேக்கன் நகரத்து அந்தப் பள்ளியில் தடுக்கி விழுந்தால் ஒரு சங்கத் தலைவர் மேல்தான் விழ வேண்டும். சதுரங்கத்துக்கு ஒரு சங்கம், தேனீக்களைக் காக்க ஒரு சங்கம், ஏழைகளுக்குக் காலுறை சேர்க்க ஒரு சங்கம். ஓட்டிஸுக்கு எல்லாவற்றிலும் கடைசி நாற்காலி.

"அடுத்தவன் பல்லக்குக்குத் தோள் கொடுக்கவா உன்னைப் பெத்தேன்? இந்த வாரமே நீயும் ஒண்ணு ஆரம்பிக்கிற."

ஓட்டிஸ் மறுநாளே 'மேகம் பார்ப்போர் சங்கம்' என்று எழுதி, பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு வந்தான். டோரீன் தலையில் அடித்துக்கொண்டாள்.

பள்ளியின் விதி கறாரானது. முதல் கூட்டத்தில் பத்து மாணவர்கள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் சங்கம். ஒருவர் குறைந்தாலும் கிடையாது.

வெள்ளிக்கிழமை பல் மருத்துவமனை வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பெரிய தட்டு நிறைய வாழைப்பழப் புட்டிங்கோடு பள்ளிக்குப் போனாள் டோரீன். புட்டிங்குக்கு மயங்காத பிள்ளை ஜார்ஜியாவில் இன்னும் பிறக்கவில்லை என்பது அவள் நம்பிக்கை.

மணி அடித்து வெகுநேரமாயிற்று. வகுப்பறையில் அம்மாவும் பிள்ளையும்தான் இருந்தார்கள். வெளியே மஞ்சள் பஸ்கள் உறுமத் தொடங்கின.

"போலாம்மா," என்றான் ஓட்டிஸ். அவன் முகம் வாடிப்போயிருந்தது.

"உட்காருடா. பஸ்ஸை மறிச்சாவது பத்துப் பேரை இறக்கிக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் நீ அசையக்கூடாது."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்தாள்.

எதிரே மூச்சிரைக்க நின்றிருந்தாள் பெய்ஜ். அவளுக்குப் பின்னால் சதுரங்கத் தலைவன், தேனீத் தலைவி, காலுறைத் தலைவன். வரிசை தாழ்வாரத்தின் கோடி வரை போயிற்று.

"ஸாரி மிஸ் டோரீன். எங்க எங்க கூட்டத்தை முடிச்சுட்டு வர லேட்டாயிடுச்சு."

டோரீனுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. ஓட்டிஸ் எல்லோரையும் கெஞ்சிக் கூப்பிட்டானா என்று கேட்டாள். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பலகையில் பார்த்துத்தான் தெரியும் என்றாள் பெய்ஜ்.

"அப்போ மேகம் பார்க்க உங்களுக்கெல்லாம் அவ்வளவு ஆசையா?"

"மேகத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும், மிஸ் டோரீன்?" பெய்ஜ் பேனாவின் மூடியைக் கழற்றினாள். "என்னோட முதல் சங்கத்துக்கு ஒன்பது பேர்தான் தேறினாங்க. வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு அழுதுட்டு நின்னேன். பத்தாவது ஆளா வந்து கையெழுத்துப் போட்டவன் இவன்தான்."

"எனக்கும் பத்தாவது ஆள் இவன்தான்," என்றான் அவளுக்குப் பின்னால் நின்ற சதுரங்கத் தலைவன்.

"எனக்கும்."

"எனக்கும்."

வரிசையின் கோடி வரைக்கும் அதே பதில்தான் வந்துகொண்டிருந்தது.