தேதிக்கோடு

அப்பாவின் உடல் கூடத்தில் கிடந்தது. மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று மாமா ராமச்சந்திரன் காலையிலிருந்து யாரையும் அசையவிடவில்லை. ஆறு வருஷமாக அப்பாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டிய ஷலேஷ்னி அவர் கண்ணில் படவே இல்லை.

அந்த மகன் யோகேந்திரா, ஃபிஜியில் ஆட்சி கவிழ்ந்த வாரமே லாஸ் ஏஞ்சலஸுக்கு ஓடியவன். மத்தியானம் போன் செய்தான்.

"எப்படி வருவேன் ஷலு? ஒன்பதாயிரம் கிலோமீட்டர்! பிளேன்ல பத்தரை மணி நேரம். நடுவுல தேதிக்கோடு வேற, ஒரு நாளை முழுசா முழுங்கிடும்."

நாடி நகரின் நமாகா கடைத்தெருவில் விமான டிக்கெட் போடுகிற ஷலேஷ்னிக்கே தேதிக்கோட்டுப் பாடம்!

"லீவாவது கேட்டியா அண்ணே?"

"கேக்காம இருப்பேனா? இன்னிக்குக் காலையில ஆபீஸ் போனதும் மேனேஜர் கால்ல விழாத குறை. முடியாதுன்னுட்டான்."

ஷலேஷ்னி காலண்டரைப் பார்த்தாள். இங்கே நாடியில் திங்கட்கிழமை. கோட்டுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் இன்னும் ஞாயிறு.

"ஞாயித்துக்கிழமை உன் ஆபீஸ் திறந்திருந்துச்சா?"

போனுக்குள் ஓர் ஓட்டல் பணியாள் அசல் ஃபிஜி வணக்கம் சொன்னான்: "புலா சார்! பசங்க உங்களை ஸ்விம்மிங் பூலுக்குக் கூப்பிடறாங்க."

"நம்ம ஊர்லதானே இருக்கே? மார்டின்டார்ல எந்த ஓட்டல் அண்ணே? வேணாம், சொல்லாதே. தீட்டு ஒட்டிக்கிட்டா ஹாலிடே கெட்டுடும்."

போனை வைத்தாள்.

"அவன் வர முடியாத அளவுக்குத் தூரமாம்மா?" என்றார் மாமா.

"டாக்ஸியில பத்து நிமிஷம் மாமா. ரொம்ப தூரம். எழுந்திருங்க, கொள்ளி நான் வெக்கறேன்."