மேலேறும் கோடு

ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர் ஊர் மேய்ச்சல் நிலத்தில், நீர் நிறைந்த ஆழமான பள்ளத்தின் விளிம்பில் பிக்கப் வண்டி நிற்கிறது. பின்தட்டில் மடிக்கணினி. வெயில் படாமல் திரையின் மேல்விளிம்பில் தொப்பியை மாட்டிவிட்டு, க்ளென் அன்றைய முக்குளிப்புக்கான கணக்கில் எச்சரிக்கை அளவைக் குறைக்கிறான். பள்ளத்தின் அடியிலிருந்து மேலேறுவதைக் காட்டும் கோடு திரையில் செங்குத்தாகிறது. “பாரு மெரன், நின்னு நின்னு ஏறுற நேரம் பாதியாயிடுச்சு! குளிர்ல வெறைச்சுக் கெடக்க வேணாம்.” “போன தடவையும் இதையேதான் சொன்னே.” வேலிக்கு அப்பால் மாடொன்று பெருமூச்சு விடுகிறது. மெரன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி அவனுடைய இடது கையிடம் நீட்டுகிறாள். போன தடவை அவசரமாக மேலேறியதிலிருந்து மரத்துப்போயிருக்கும் கை. அது அசையவில்லை. மவுஸை விட்டுவிட்டு வலது கையால் வாங்குகிறான். விட்ட மவுஸை அவள் எடுத்து எச்சரிக்கை அளவை மறுபடி உயர்த்துகிறாள். கோடு பழையபடி நீளமாகச் சாய்கிறது. “சூடா இருக்கு, மெதுவா குடிப்பா.”