மலைக்கு முதுகு காட்டி ஒரு பெல்ஜியம் பீர்

வேங்கிக்கால் வீட்டு மொட்டைமாடியில் வெயில் சாய்கிறது. மலையையே சாமியாகக் கும்பிடும் ஊர்; அதைப் பார்த்துக் குடித்தால் பாவமாம். பரசுராமனின் அக்கா கணவர், பெல்ஜியம் போய்வந்த அருணகிரி, நாற்காலியைத் திருப்பி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால், மலைக்கு நேர் எதிரே நின்று பரசுராமன் ஊற்றுகிறான். போன வாரம் பரசுராமனின் மாமனார் வீட்டு விருந்தில், எல்லோர் எதிரிலும், "உன் நாக்குக்கு லோக்கல் பீரே ஜாஸ்தி மச்சான்" என்று சிரித்த மனுஷன் அவர். இப்போது அவர் கோப்பையில் நுரைப்பது, கறுப்பு நிறத்துக்காக நன்னாரி சர்பத் கலந்த லோக்கல் பீர். அவர் கொண்டுவந்த பெல்ஜியம் கறுப்பு பீர் பரசுராமனின் எவர்சில்வர் டம்ளரில் இருக்கிறது. கைபேசியில் தன்னையே படம்பிடித்தபடி அவர் கோப்பையைச் சுழற்றுகிறார், முகர்கிறார், கண்ணை மூடுகிறார். "ஆகா! அந்த ஊரு கிறிஸ்தவ மடத்துச் சாமியாருங்க காய்ச்சினது. பழகுன நாக்குக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீ என்னடா குடிக்கிற?" "சளிங்க மாமா, கஷாயம்." பரசுராமன் ஒரு வாய் உறிஞ்சுகிறான். கருகிய வெல்லம், பேரீச்சை, லேசாகக் கிராம்பு; பிறகு மெல்ல ஏறும் கசப்பு, தொண்டையில் இறங்கும் சூடு. பீரைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் உண்மைதான். வீடியோ உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. முதல் கைதட்டல் மாமனாருடையது. உண்மையைப் போட்டு உடைக்கப் பரசுராமனுக்கு அவசரமில்லை. இன்னும் பதினோரு பேர் பார்க்க வேண்டியிருக்கிறது.