மேற்கோள் குறிகளுக்குள்

காலையில் எழுந்து பல் துலக்கினேன். காபி போட்டுக் குடித்தேன். போன் அடித்தது.

“தம்பி, நான் கடத்தூர் ஜானகியம்மாளுங்க. கவிதைப் புத்தகம் போட்டிருக்கறேன். ‘நிலவைக் கேள், என் முகவரி சொல்லும்’னு இன்டர்நெட்ல உங்க பிளாக்ல இருக்கே, அது என்னோட வரி.”

“மேற்கோள் குறி போட்டிருக்கேனுங்களே.”

“போட்டீங்க. கீழ சுசித்ரான்னு பேரும் போட்டிருக்கீங்க! யாருங்க அது?”

“என் சம்சாரமுங்க.”

“அதுக்குப் பேரு திருட்டுங்க! ஒண்ணு எம்பேரப் போடுங்க, இல்லாட்டி எடுத்துருங்க. போனை அந்தப் புள்ளகிட்டக் குடுங்க, நாலு வார்த்த கேக்கறேன்.”

“குடுக்க முடியாதுங்க. அவ தை மாசமே செத்துட்டா. கடைசியாச் சொன்னதுன்னு நான்தான் அதப் போட்டேன். உங்க பேரப் போட்டா, ஆஸ்பத்திரியில நீங்க செத்த மாதிரி ஆயிடும்.”



“நெசமா என்னதான் சொல்லுச்சு அந்தப் புள்ள?”

சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

“அதையே போடுங்க தம்பி. அதுக்கு ஒருத்தரும் உரிம கேட்டு வரமாட்டாங்க.”

கவிதை வரியை அழித்தேன். மேற்கோள் குறிகளையும் அவள் பெயரையும் அப்படியே வைத்து, நடுவில் தட்டச்சு செய்தேன்:

“வூட்டுக்குப் போயி சட்டைய மாத்திட்டு வாங்க. டாக்டரு உங்களத்தான் பேஷண்ட்டுன்னு நெனைக்கறாரு.”