கேட்கக்கூடாத செபம்

“ஆண்டவரே, எனக்கு அரசாங்க வேலை தாரும்!” மாலைச் செபத்தின் நடுவே கத்துகிறேன். கடவுளிடம் எதையும் கேட்கக்கூடாது, நன்றி மட்டும்தான் சொல்லலாம் என்பது அம்மாவின் சட்டம். வாவியில் பட்ட வெயில் தகரக் கூரையின் உட்புறத்தில் நெளிகிறது. அம்மா இறால் உரிப்பதை நிறுத்தவில்லை. “இண்டைக்கு வலையில இறால் பட்டதுக்கு நன்றி ஆண்டவரே. பட்டதாரிப் புள்ளைக்கு வேலை இல்லாட்டியும் வாய் நல்லா வேலை செய்யுது, அதுக்கும் நன்றி.” “நக்கலாம்மா?” “இல்ல புள்ள, மெய்யாத்தான். நீ பக்கத்தில இருந்து கத்துறாய், எனக்கு அது காணும், வேறென்ன வேணும்?” அந்த முகத்தில் பொய்யில்லை. என் கோபம் தணியவில்லை. ஆனால் அந்த நிறைவு எனக்கும் வேண்டும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நான் மறுத்த கோயில் பாலர் பள்ளியில் படிப்பிக்கும் வேலைக்கு வருகிறேன் என்று அதை நடத்தும் சிஸ்டரிடம் சொல்ல, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடக்கிறேன்.