முன் சீட்

புதுச்சத்திரம் தாண்டிய மேட்டில், காரை டாப் கியரிலேயே மெதுவாக விட்டு, ஆக்சிலேட்டரைத் தரை தட்ட மிதித்தார் மெக்கானிக் நாச்சிமுத்து.

பக்கத்து சீட்டில் அவர் மனைவி பாப்பாயி. மடியில் காலிச் சோற்றுப் போசி. ராத்திரி ஷிப்டு முடிந்து, தறிப் பட்டறை வாசலில் ஏறியவள். வீட்டுக்குப் போய் விழுந்தால் போதும் என்றிருந்தது.

ட்ரயல் பார்க்கிற சாக்கில் மெக்கானிக் பெண்டாட்டியை வீட்டில் விடுகிறார் என்று நினைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார் வேலுமணி. ஃபியட் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை சோழவரத்தில் ரேஸ்.

பெட்ரோல் கூடுதலாகப் பாய கார்ப்பரேட்டரில் பெரிய ஜெட் போட்டாயிற்று. பிளக்கில் பொறி விழும் நேரம், அந்த டைமிங்தான் பாக்கி. டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் முன்னே திருப்பினால் வண்டி பறக்கும். அளவு மீறித் திருப்பிவிட்டால் இன்ஜினுக்குள் கடலை வறுபடுகிற மாதிரி படபடக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் ரேஸில் பிஸ்டன் ஓட்டையாகும். அந்த வேகத்தில் ஓட்டுகிறவன் கதி என்னவோ.

அந்தச் சத்தம் நாச்சிமுத்துவுக்குக் கேட்காது. முன்பு போர் போடும் ரிக் வண்டியில் கம்ப்ரசர் பக்கம் நின்று நின்று காது போய்விட்டது. பேச்சு கேட்கும், மெல்லிய சத்தம் கேட்காது. வெளியே தெரிந்தால் எவன் வண்டி கொடுப்பான்?

அவருக்காகக் கேட்பவள் பாப்பாயி. சத்தம் வந்தால் முழங்கையால் ஒரு இடி, அவ்வளவுதான்.

இடி விழவில்லை.

நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் முன்னே திருப்பினார். திரும்பி வந்து அதே மேடு. அப்போதும் இடி இல்லை. பரவாயில்லை, நல்ல இன்ஜின் என்று மறுபடியும் திருப்பினார்.

மூன்றாம் தடவை ஏறும்போது வேலுமணி முன்னால் குனிந்து உரக்கக் கேட்டார்.

"ஏனுங்க, மொதத் தடவையிலிருந்தே கடலை வறுக்கறாப்பல ஒரு சத்தம் வருதுங்களே, அது அப்படித்தான் வருமுங்களா?"

நாச்சிமுத்து மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் காதைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டு மறுபடி உற்றுக் கேட்டாள். பிறகு போசி மூடியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

இத்தனை வருடத் தறிச் சத்தம் அவருக்கு இப்போதுதான் உறைத்தது. என்ன மனுசன் நான் என்றிருந்தது.

ஓரமாக நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னே திருப்பினார். வந்து முன்கதவைத் திறந்து பிடித்தார்.

"நீங்க முன்னாடி வந்து உக்காருங்க. அந்தச் சத்தம் எப்ப நிக்குதுன்னு எனக்குச் சொல்லோணும்."

தன்னை ஒரு ஆளாக மதித்துவிட்டார்கள் என்று வேலுமணிக்குப் பெருமை தாங்கவில்லை.

பாப்பாயி போசியை எடுத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போனாள். மேடு வருவதற்குள் தூங்கிவிட்டாள்.